எதிர்ப்பல்லின் வழக்கு

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்துள்ள சல்லி என்னும் மீனவர் கிராமம், தன் முத்துமாரியம்மன் கோயிலால் கிழக்கிலங்கைச் சைவர்களிடையே பெயர் பெற்றது. அக்கோயிலின் முன்னே கிடக்கும் கரை வடக்கு நோக்கி நீண்டு, ஐம்பது கிலோமீற்றர் அளவு சென்று புல்மோட்டையை அடையும்போது கருமணற் பரப்பாக மாறுகிறது. இல்மனைற், ரூட்டைல் ஆகிய கனிமங்களோடு சிர்க்கோன் என்னும் கனிமமும் அம்மணலில் கலந்துள்ளது; வாடைக்காற்றுக் காலத்துக் கடல் அதனை ஆண்டுதோறும் கரையில் கொண்டுவந்து சேர்க்க, 1957இல் அமைக்கப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனமும் அதன் வழிவந்த நிறுவனமும் அதனை அகழ்ந்து பிரித்து ஏற்றுமதி செய்துவந்துள்ளன. சிர்க்கோனுக்கும் இத்தீவுக்கும் உள்ள தொடர்பு இதனினும் பழையது. ஜேர்மன் வேதியியலறிஞர் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத், இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கல்லொன்றைப் பகுத்தாராய்ந்தே, 1789இல், அதற்குமுன் எவரும் அறியாத ஒரு தனிமத்தின் ஒட்சைட்டை அதில் கண்டறிந்தார். அந்த ஒட்சைட்டே சிர்க்கோனியா எனப்படுவது. 1980களில் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் இடம்பெற்ற அது, 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் பல்லுறையாக, அதாவது சிதைந்த பல்லைச் செதுக்கி அதன்மேல் தொப்பிபோல் பொருத்தும் 'கிரவுன்' ஆக, உலகெங்கும் மனித வாய்க்குள் புகுந்துவிட்டது.

அந்த உறை எதிரே உள்ள இயற்கைப் பல்லைத் தேய்க்கிறதா என்பது பல் மருத்துவர்களின் வினா. ஒரு பொருள் இன்னொன்றுக்குச் செய்யும் தீங்கு எங்கே இருக்கிறது, தீங்கு செய்யும் பொருளிலா, தீங்குறும் பொருளிலா, இரண்டும் கூடும் கூட்டத்திலா, கூட்டி வைத்தவரிடத்திலா என்பது சமய தத்துவத்தின் வினா. இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு வடிவங்கள் என்பதும், முதலாவதற்குக் கிடைத்துள்ள விடை இரண்டாவதைப் பற்றிய சிந்தனையைக் கூர்மையாக்குகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முதலில் வழக்காளிகளின் இயல்பை அறிய வேண்டும். எனாமல் என்று வழங்கும் பல் மிளிரி, எடையில் 96 விழுக்காடு கனிமப் பொருளால் ஆனது. மனித உடலில் அதனினும் கடினமானது வேறில்லை. ஆயினும் அதனை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் ஈறைக் கிழித்து வெளிவரும் காலத்திலேயே அழிந்துவிடுவதால், எலும்பு கூடிக்கொள்வதுபோலவோ தோல் மூடிக்கொள்வதுபோலவோ அது மீள வளர்வதில்லை. உமிழ்நீரில் கரைந்துள்ள கல்சியமும் பொசுபேற்றும் அதன் மேற்பரப்பில் ஏற்படும் மிக நுண்ணிய இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். தேய்ந்து போன தடிப்பு தேய்ந்ததேயாகும். இயல்பான மெல்லுதலில் கடைவாய்ப் பல்லின் மிளிரி ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மைக்ரோமீற்றர், முன்கடைவாய்ப் பல்லின் மிளிரி ஏறத்தாழ 15 மைக்ரோமீற்றர் தேய்வதாக 1989இல் வெளிவந்த ஓர் அளவீடு இன்றும் எடுத்தாளப்படுகிறது. மைக்ரோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைவாய்ப் பல்லின் முகட்டில் மிளிரி இரண்டு மில்லிமீற்றர் தடிப்புடையது என்று கொண்டால், அவ்வளவீட்டின்படி அது எழுபது ஆண்டுக்குச் சற்றுக் குறையத் தாங்கும். தேய்வு இருமடங்கானால் முப்பத்தைந்து ஆண்டில் தீர்ந்து, அதன் கீழுள்ள, அதனினும் மென்மையான பன்முதல் வெளிப்பட்டுவிடும். தேய்வு நோயன்று, மெல்லும் உயிர் செலுத்தும் இயல்பான செலவு. செலவின் வேகம் மாறும்போதே அது நோயாகிறது.

சிர்க்கோனியாவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. இற்றியம் ஒட்சைட்டு சிறிதளவு சேர்த்து நிலைப்படுத்தப்பட்ட அது, ஏறத்தாழ 1500 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடப்படுகிறது. சுடும்போது நீள அகலங்களில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்குவதால், சுருக்கத்தை முன்கூட்டிக் கணக்கிட்டுப் பெரிதாகக் கடைந்தே சூளைக்குள் வைப்பர். விக்கர்ஸ் அளவையில், அதாவது வைரமுனையொன்றை அழுத்தி அது பதியும் தடத்தைக் கொண்டு கடினத்தை அளக்கும் முறையில், மிளிரி 300 முதல் 400 வரை நிற்க, சிர்க்கோனியா 1200ஐ எட்டுகிறது. அதனினும் வியப்பானது அதன் தற்காப்பு. அவுஸ்திரேலிய ஆய்வாளர் மூவர் 1975இல் விளக்கியபடி, சிர்க்கோனியாவில் வெடிப்பொன்று பரவத் தொடங்கினால், வெடிப்பின் நுனியிலுள்ள பளிங்குத் துகள்கள் தம் அமைப்பை மாற்றி, கனவளவில் நூற்றுக்கு நான்கு அளவு பருத்து, அவ்வெடிப்பை நெருக்கி நிறுத்திவிடுகின்றன. ஒரு புறம் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளும் பொருள். மறுபுறம் இழந்ததை மீளப் பெறவியலாத பொருள். இரண்டும் நாளொன்றுக்குப் பல நூறு முறை ஒன்றையொன்று தொடுகின்றன.

இவ்வளவில் எவரும் தீர்ப்புச் சொல்லிவிடத் தலைப்படுவர்: கடினமானது மென்மையானதைத் தேய்க்கும். சிர்க்கோனியா முதன்முதலில் பல்லுறையாக முழுவடிவில் செய்யப்பட்டபோது மருத்துவர்களிற் பலரும் இவ்வாறே அஞ்சினர். ஆய்வகங்களில் மெல்லுதலைப் போலச் செய்யும் பொறிகளில் வைத்துப் பார்த்தபோது, நன்கு மெருகிடப்பட்ட சிர்க்கோனியா, தன்னினும் பெரிதும் மென்மையான பீங்கான் பூச்சைக் காட்டிலும் மிளிரியைக் குறைவாகவே தேய்த்தது. காரணம் மேற்பரப்பில் இருந்தது. சிர்க்கோனியாவின் பளிங்குத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றருக்கும் சிறியவை; சீராக அடுக்கப்பட்டவை; ஆகையால் மெருகை ஏற்கும், ஏற்ற மெருகை நெடுநாள் காக்கும். பீங்கானோ மென்மையான கண்ணாடிப் பொருளுக்குள் கடினமான பளிங்குகள் பதிந்த கலவை. மெல்ல மெல்லக் கண்ணாடி தேய்ந்துபோகப் பளிங்குகள் துருத்தி நிற்கின்றன, துருத்தியவை எதிர்ப்பல்லைச் சுரண்டுகின்றன. சிர்க்கோனியாவின்மேலும் பளபளப்புக்காகக் கண்ணாடிப் பூச்சொன்றைச் சுட்டு ஏற்றும் வழக்கம் உண்டு; அப்பூச்சு சில காலத்தில் தேய்ந்து, கீழே மெருகிடப்படாத பரப்பு இருந்தால் அதனை வெளிப்படுத்திவிடும். வீடுகளில் அம்மி வழவழப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது என்று கண்டு, அம்மி கொத்துபவரை அழைத்துக் கொத்துவிக்கும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: கொத்துவதற்கு முன்னும் பின்னும் கல்லின் கடினம் ஒன்றே.

இவ்விடத்தில் சல்லியில் வழிபடப்பெறும் தெய்வத்தின் பொதுவான உருவமைதி நினைவுக்கு வருகிறது. மாரியம்மன் படிமங்கள் பலவற்றில், அருள் பொழியும் முகத்தில் இதழோரமாகச் சிறு கோரைப்பற்கள் காட்டப்படுவதுண்டு. அவற்றை வைத்தே அடியவர் அஞ்சி விலகுவதில்லை. குழந்தைகளை அவள் மடியிலேயே ஒப்படைக்கின்றனர். ஆற்றல் உள்ளது என்பதனாலேயே அது வதைக்கும் என்பது பெறப்படாது என்ற தெளிவு, எழுத்தறியாத பத்தரிடத்திலும் வழிபாட்டு வடிவில் நின்று நிலவியிருக்கிறது.

ஆயின் தேய்வின் காரணம்தான் யாது? 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தை அடியாகக் கொண்ட சைவ சித்தாந்தம், எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்களை வகுக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம்; தண்டும் சக்கரமும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். இவ்வகுப்பை எதிர்ப்பல்லின் தேய்வுக்குப் பொருத்தினால், தேய்ந்துபோகும் மிளிரியே முதற்காரணமாகிறது, ஏனெனில் தேய்வு என்னும் காரியம் நிகழும் இடம் அதுவே. உறையின் சொரசொரப்பு, கடிக்கும் விசை, இடையே அகப்படும் உணவுத் துகள், புளியும் எலுமிச்சையும் குளிர்பானமும் கொண்டுவரும் அமிலம் ஆகியன துணைக்காரணம். சிர்க்கோனியாவின் கடினம் தனித்து எந்த இடத்தையும் பெறுவதில்லை. சொரசொரப்புக்கு அழியாமையைக் கொடுக்கும்போதே, அதாவது மெருகிடப்படாத பரப்பை மெருகிடப்படாமலே ஆண்டாண்டாகக் காத்து வைக்கும்போதே, அது துணைக்காரணத்துள் சேர்கிறது. மென்மையான பொருளின் சொரசொரப்பு தானே தேய்ந்து தணிந்துவிடக்கூடும். கடினமான பொருளின் சொரசொரப்பு தணியாது. இது நுட்பமான வேறுபாடாயினும் முதன்மையானது: கடினம் தீமையின் காரணமாவதில்லை, தீமை ஒன்று அமைந்துவிட்டால் அதனை நீட்டிக்கும் ஆற்றலாகிறது.

காரியம் காரணத்துள் முன்னரே நுண்ணிதாக உள்ளது என்று கொள்ளும் சற்காரியவாதம் சைவ சித்தாந்தத்துக்கு உடன்பாடானது. அதன்படி தேய்வு மிளிரியில் முன்னரே அடங்கிக் கிடந்தது என்று சொல்லவேண்டிவரும். அது உண்மையும்கூட, ஏனெனில் தேயாத பல் எவருக்கும் இல்லை. அடங்கிக் கிடந்தது வெளிப்பட்ட வேகத்துக்கு விடை துணைக்காரணத்திலும் நிமித்தகாரணத்திலுமே தேடப்படவேண்டும்.

இத்தீவின் கிழக்குக் கரையில் தமிழர் சிந்தித்த தத்துவம் சைவம் மட்டுமன்று. திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை செல்லும் வீதிக்கு அருகே, பெரியகுளத்துப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரை, 11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் கொண்டு விளங்கியதையும், தமிழ்ப் பௌத்தர் அதற்கு விளக்கும் பசுவும் கொடையளித்ததையும் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் உரைக்கின்றன. அவர்களின் கொள்கையில் தேய்வுக்குத் தரப்படும் விடை வேறு வகையானது. மணிமேகலையின் இறுதிக் காதையில் விரிக்கப்படும் பன்னிரு நிதானம் எதனையும் அதனதன் இயல்பால் தோன்றியதாகக் கொள்வதில்லை. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது, சார்பு நீங்கினால் அதுவும் நீங்குகிறது. இப்பார்வையில் தேய்க்கும் பொருள், தேயும் பொருள் என்ற பிரிவே பிற்படத் தோன்றியது. முதலில் உள்ளது தொடுகை. உராய்வியல் என்று இன்று வழங்கும் அறிவியல் பிரிவும், தேய்வைப் பொருளொன்றின் பண்பாகக் குறிக்காமல், இரு பரப்புகளும் இடைப்பொருளும் விசையும் சூழலும் கூடிய ஒரு தொகுதியின் பண்பாகவே குறிக்கிறது. தமிழ்ப் பௌத்தரின் நிலைக்கு அது மிக அணித்தாக வந்து நிற்பதை எவரும் காணலாம்.

எனினும் ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்னும் இச்சார்பிற்றோற்றத்தை மட்டும் பற்றிக்கொண்டு நிற்பதில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தன என்றபின், எவரைக் கேட்பது என்ற வினா கரைந்துபோக இடமுண்டு. பொருள்களைப் பற்றி மட்டும் பேசுமிடத்து அது குறையன்று, நோயுற்ற ஒருவரின் வாயைப் பற்றிப் பேசுமிடத்து அது பெருங்குறை. சைவ சித்தாந்தத்தின் மூவகைக் காரண வகுப்பு மேலோங்குவது இங்கேதான். மண்ணையும் சக்கரத்தையும் எவ்வளவு ஆராய்ந்தாலும் குயவனை அது மறப்பதில்லை. அறிவும் விருப்பும் செயலும் உடையவனே நிமித்தகாரணன் என்பதால், பொறுப்பு அறிவுள்ள இடத்தைத் தேடிச் செல்கிறது. உறைக்கு அறிவில்லை. பல்லுக்கும் இல்லை. மெருகிட்டால் தேய்வு குறையும் என்பதை அறிந்தவரும், மெருகிடும் கருவியைக் கையில் வைத்திருப்பவரும் ஒருவர் உளர்.

ஈழத்துச் சைவக் கோயில்களில் ஆண்டுதோறும் படிக்கப்பெறும் கந்தபுராணத்தில், தக்கன் வேள்வி அழிந்த கதை விரிவாக வருகிறது. அவ்வேள்வியில் சூரியன் பல் இழந்த செய்தியை மணிவாசகரும் திருவுந்தியாரில் குறிக்கிறார். வேத மரபில் பல் இழந்தவனாகப் பூஷன் என்னும் தேவன் பேசப்படுகிறான். அவனுக்குரிய அவி மாவாக அரைக்கப்பட்டே இடப்படவேண்டும் என்று பிராமண நூல்கள் விதிக்கின்றன. சைவர்கள் இக்கதையைச் சிவனை மதியாத வேள்வியின் தண்டனையாகவே படித்துவந்துள்ளனர், அது பொருந்திய வாசிப்பே. ஆயினும் பிந்திய பகுதி தனித்து எண்ணத்தக்கது. பல் இழந்த தேவனுக்குப் புதிய பல் ஆக்கித் தரப்படவில்லை. அவன் குறைக்கு ஏற்ப உணவு மாற்றப்பட்டது. அரைக்கும் உழைப்பை அவி இடுபவர் ஏற்றுக்கொண்டார். ஒருவரின் குறையை நிரப்பும் செலவை, அச்செலவை அறிந்து, விரும்பி ஏற்பவர் ஒருவர் சுமந்தார்.

பல்லுறையில் அச்செலவைச் சுமப்பது எதிர்ப்பல். அது சொத்தையுற்றதன்று, சிகிச்சை வேண்டியதன்று, கீழே நிகழ்ந்த சிகிச்சையால் தனக்கென ஒரு நன்மையும் பெற்றதன்று. மெல்லும் பயன் வாய் முழுவதற்கும் உரியது ஆகையால் அதற்கும் பங்கு உண்டு என்று வாதிக்கலாம். பல்லில்லாத எதிர்ப்புறத்தை நோக்கி மேற்பல் இறங்கி வளைந்துபோகும் என்பதும் உண்மை, அதனைத் தடுப்பதால் உறை எதிர்ப்பல்லுக்கும் உதவுகிறது. இவ்வாதம் செல்லுபடியாகும் எல்லை ஒன்று உண்டு. உதவி செய்ததால் தேய்க்கும் உரிமை பிறக்காது. திருவள்ளுவர் இன்னாசெய்யாமையை ஓர் அதிகாரமாகத் தனித்து வைத்தது, ஒப்புரவுக்கும் ஈகைக்கும் வேறாக அது ஒரு தனிக் கடமை என்று கருதியே என்று கொள்வது பொருந்தும். ஒரு நன்மையைச் செய்து முடிப்பதில் இருக்கும் மனநிறைவு, அந்நன்மையின் விலையை வேறொன்று செலுத்துவதைப் பார்வையிலிருந்து மறைத்துவிடக்கூடும்.

பொன்னால் உறை செய்த காலத்தில் இச்சிக்கல் இவ்வளவு கூர்மையாக எழவில்லை. முதியோர் வாயில் இன்னும் காணக்கிடைக்கும் தங்கப்பல், கலப்புலோகத்தால் ஆனதாயினும், மிளிரியை அணுக்கமாகப் பின்தொடர்ந்து தானும் தேய்ந்துகொடுக்கும் தன்மையது. சிர்க்கோனியா தேய்வதில்லை என்றே சொல்லுமளவு குறைவாகத் தேய்கிறது. பற்கள் காலத்தோடு ஒருங்கே தாழும் வாயில் அது ஒன்று மட்டும் தன் உயரத்தில் நின்றுவிடுமாயின், கடியின் பாரம் மெல்ல மெல்ல அதன்மேலும் அதன் எதிர்ப்பல்மேலும் குவியக்கூடும். அழியாமையை மனிதர் பொருள்களிடம் எதிர்பார்ப்பது இயல்பு; வெண்மையும் உறுதியும் நெடுநாள் நிற்பும் வேண்டிப் பணம் கொடுப்போரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் சித்தாந்தம் உடலை உயிருக்குத் தரப்பட்ட கருவி என்று கொள்ளும்போது, தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் மாயையின் காரியமாகவே வைக்கிறது. எலும்பை மண்ணின் கூறாக எண்ணும் தத்துவக் கணக்கில், 55 கோடி ஆண்டு வயதுடைய சிர்க்கோன் பளிங்குகளைத் தாங்கிய இத்தீவின் பாறையும் வாயிலுள்ள பல்லும் ஒரே பூதத்தின் இரு நிலைகள். ஆகவே அயற்பொருள் உடலில் புகுந்தது என்னும் சமய மறுப்புக்கு இடமில்லை. கருவி கருவியோடு இணங்கி இயங்குகிறதா என்பதே பொருந்திய வினா; இணக்கத்தில் தேய்ந்துகொடுத்தலும் அடங்கும் என்பதால், அழியாமையை உறையின் முதற்சிறப்பாகக் கொள்வது தவறான இடத்தில் தொடங்குவதாகும்.

இன்னொரு வகையினர் தனியே எண்ணப்படவேண்டும். நித்திரையில் பல் நெருமுவோர் தம்மை அறியாமலே, உணவு மெல்லும் விசையினும் மிகுந்த விசையோடு, உணவென்னும் இடைப்பொருளும் இல்லாமல், உறையையும் பல்லையும் நேரே உராய்விக்கின்றனர். வினையின் உயிர் எண்ணத்தில் உள்ளது என்று கூறும் பௌத்தத்துக்கு இங்கு வினையே இல்லை. உறங்குபவருக்கு எண்ணம் இல்லை. தீங்கோ உண்டு. எண்ணமின்றி நிகழும் தீங்குக்குப் பொறுப்பு உண்டா என்ற பழைய வழக்கை இந்த வாய் எளிதாகத் தீர்த்துவைக்கிறது: உறக்கத்தின் பொறுப்பு விழிப்பில் தங்குகிறது. காலையில் தாடை நோவதையும், பல் முகடுகள் தட்டையாவதையும் உணர்ந்தவர் அதனை வைத்தியரிடம் சொல்வதும், வைத்தியர் உறை செய்யுமுன் அதனைக் கேட்டறிவதும், இரவில் அணியும் காப்பை அமைத்துக் கொடுப்பதும் விழித்திருக்கும்போது செய்யத்தக்கவை. அவை செய்யப்படாதபோது எண்ணமின்மையைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

நடைமுறையில் இவ்வழக்கு பெரும்பாலும் சில நிமிட நேரத்தில் தீர்மானிக்கப்படுகிறது. ஆய்வகத்தில் கண்ணாடிபோல் மெருகிடப்பட்டு வந்த உறையை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, மையிட்ட தாளால் உயர்ந்த புள்ளியைக் கண்டு, வைத்தியர் வைரத்தூள் பதித்த சுழல்முனையால் அதனைக் குறைக்கிறார். குறைத்த இடம் எதிர்ப்பல் வந்து தட்டும் இடமேயாகும். கடினம் முழுவதும் உள்ளபடியே இருக்க, மெருகு மட்டும் போய்விட்ட பரப்பு அங்கே உண்டாகிறது. கரடுமுரடாக அரைத்தல் மேற்பரப்புப் பளிங்குகளின் அமைப்பையும் ஓரளவு மாற்றிவிடும். நோயாளிக்குக் கடி இப்போது சமமாகத் தோன்றுகிறது, நன்றி கூறி எழுகிறார். சிர்க்கோனியாவுக்கென அமைந்த மெருகுச் சக்கரங்களைப் பருமையிலிருந்து நுண்மைக்கு வரிசையாக மாற்றி அந்த இடத்தை மீள மெருகிடும் வேலை எஞ்சியிருக்கிறது. அதனைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அன்று நோயாளிக்கு வேறுபாடு தெரியாது, ஆண்டுகள் கழிந்தே தெரியும். பார்வையில் படாத இந்த வேலையைச் செய்வதற்கு வைத்தியரைத் தூண்டுவது அவரது அறிவும் மனச்சாட்சியுமேயன்றிப் பிறிதில்லை.

சிகிச்சைப் பதிவேடும் இதில் துணைபுரியக்கூடும். பற்களுக்கு ஈரிலக்க எண் இடும் பன்னாட்டு முறையில், கீழ்த்தாடை வலப்புற முதற் கடைவாய்ப் பல் 46, அதற்கு நேரெதிர் மேற்பல் 16. உறை இடப்பட்ட நாள், பொருள், நிறம் எல்லாம் 46க்கு எதிரே எழுதப்படுகின்றன. 16க்கு அன்று ஒன்றும் செய்யப்படவில்லை ஆதலால் அதற்கு எதிரே எழுதுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. உறை பொருத்தும் நாளிலேயே 16இன் வடிவத்தையும் அச்செடுத்தோ, வாய்க்குள் செலுத்தும் வருடியால் பதிந்தோ வைத்தால், சில ஆண்டுகளின் பின் மீண்டும் பதிந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, இழந்தது எத்தனை மைக்ரோமீற்றர் என்று காணலாம். தேய்வு மிகுதியாயின் உறையை மீள மெருகிடவும், கடியைத் திருத்தவும், இரவுக் காப்பு இடவும் அப்போதும் காலம் இருக்கும். 46க்குச் செய்த சிகிச்சை முற்றுப்பெறும் நாளில் 16க்கு எதிரேயும் ஒரு வரி எழுதப்படுமாயின், அப்பல் அவ்வழக்கில் முதன்முறையாக ஒரு தரப்பாக ஏற்கப்பட்டதாகும்.